ஒரே துப்பாக்கி மூன்று

சென்ற ஜனவரி வரை என்னிடம் ஒரே துப்பாக்கி மூன்று இருந்தது. வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. வின்செஸ்டர் மாடல் 70 என்ற வேட்டை ரைஃபிள். மூன்றும் 1950களில் செய்தவை. அதே வால்நட் கட்டை, அதே நீலம் பாய்ந்த கறுப்பு இரும்பு, அதே நீளம். பெட்டகத்தைத் திறந்தால் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நிற்பது போல இருக்கும். வித்தியாசம் குழலில் பொறித்த எண்ணில் மட்டும்தான். ஒன்றில் .243, இன்னொன்றில் .270, மூன்றாவதில் .308.

"ஏங்க, ஒரே துப்பாக்கிய எதுக்கு மூணு வச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஒரு வீட்டில் துப்பாக்கி இருப்பதே அவளுக்கு உறுத்தல். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சூடு நடந்த செய்தி வரும்போதெல்லாம் அவள் எதுவும் பேசாமல் போய்ப் பெட்டகத்தின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அந்த இழுப்புக்குப் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. ஆனால் எதற்கு மூன்று என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்ததால் முறுக்கு அச்சைக் காட்டினேன்.

அச்சு ஒன்றுதான். பிடிக்கிற விதம், அழுத்துகிற விதம், கை வலிக்கிற இடம் எல்லாம் ஒன்றுதான். அடியில் போடுகிற வில்லையின் ஓட்டையைப் பொறுத்து தேன்குழலோ ஓமப்பொடியோ ஓலைப் பக்கோடாவோ வரும். காலிபர் என்பது அந்த ஓட்டை. எது வெளியே வருகிறது, எவ்வளவு பருமனாக வருகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. "அப்ப ஒரு அச்சு வாங்கி வில்லைய மாத்திக்க வேண்டியதுதானே" என்றாள். மாற்ற முடியாது. இந்த அச்சில் வில்லை குழலோடு பிறந்தது. ஓட்டை மாற வேண்டுமென்றால் அச்சே இன்னொன்று வேண்டும்.

எண்கள் என்று சொன்னேன்; அவற்றைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். .243 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். .308ம் அப்படியே. .270 மட்டும் பொய் சொல்லும்; அதன் குண்டு உண்மையில் .277 அங்குலம். குண்டுகளை கிரெயின் என்ற பழைய அளவில் நிறுக்கிறார்கள். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், .270இன் வழக்கமான 130 கிரெயின் குண்டு 8.4 கிராம், அதாவது ஒரு பவுனுக்குச் சற்று மேல். .243இல் போடும் 100 கிரெயின் குண்டு ஆறரை கிராம். எல்க் என்ற பெரிய மானுக்காக .308இல் போடும் 180 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன். ஐம்பது கிலோ ப்ராங்ஹார்னுக்கு ஆறரை கிராம் போதும். முந்நூறு கிலோ எல்க்கின் தோள் எலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் போக வேண்டுமென்றால் கனம் வேண்டும். கனம் கூடினால் தோளில் வாங்கும் உதையும் கூடும். உதை கூடினால் விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், குண்டு தப்பான இடத்தில் படும், விலங்கு வயிற்றில் காயத்தோடு ஓடும். அதனால்தான் சிறிய விலங்குக்குச் சிறிய ஓட்டை. கஞ்சத்தனம் இல்லை.

மாடல் 70 வந்தது 1936இல். 1963 வரை செய்தவற்றுக்கு இங்கே தனி மரியாதை. 1964இல் உற்பத்திச் செலவைக் குறைக்க நிறுவனம் வடிவத்தை மாற்றியது. தோட்டாவின் விளிம்பைக் கடைசிவரை பற்றிக்கொண்டிருக்கும் நீளமான எஃகுக் கொக்கி போயிற்று. கட்டையில் கையால் செதுக்கிய கட்டங்கள் போய் இயந்திரம் அழுத்திய கட்டங்கள் வந்தன. வாங்குகிறவர்களுக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பழைய துப்பாக்கிக் கடைகளில் "64க்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பது, நம்மூரில் முதல் அறிமுகத்திலேயே சொந்த ஊரைக் கேட்பது மாதிரி. நிறுவனம் பிற்பாடு அந்தக் கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலையையே மூடினார்கள். அது வேறு கதை.

எனக்கு அந்தத் துப்பாக்கியில் பிடித்தது கொக்கி அல்ல, சேஃப்டி. போல்ட்டின் பின்முனையில் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு சின்ன நாக்கு. அதற்கு மூன்று நிலைகள். பின்னால் இழுத்தால் விசையும் பூட்டு, போல்ட்டும் பூட்டு. முழுக்க முன்னால் தள்ளினால் சுடலாம். நடுவில் நிறுத்தினால் விசை பூட்டியிருக்கும், ஆனால் போல்ட்டைத் திறக்கலாம். அதாவது சுட முடியாத நிலையிலேயே உள்ளே இருக்கும் தோட்டாக்களை வெளியே எடுத்துவிடலாம். உறைபனியில் விரல் மரத்துப் போயிருக்கும்போது, இருட்டில் வண்டிக்குத் திரும்பும்போது, அந்த நடுநிலையின் அருமை தெரியும். அங்கே ஒரு சின்ன 'டிக்'. இரண்டு வருடத்தில் என் கட்டைவிரல் அந்த டிக்கை என்னைக் கேட்காமலே தேடக் கற்றுக்கொண்டது.

மூன்றையும் நான் வாங்கவில்லை. ஐடஹோவில் பாய்ஸிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டைக்கு என்னைக் கூட்டிப்போனது அவர்தான். கிரீன் கார்டு வந்த வருடம் லைசென்ஸ் எடுக்கப் போனேன். 1975க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படித்துத் தேறினால்தான் இந்த மாநிலத்தில் லைசென்ஸ். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் பத்து, பன்னிரண்டு வயது. கடைசி பெஞ்சில் நாற்பது வயதில் நான். முள்கம்பி வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கீழே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பொடியன் என்னைவிட முன்னால் கையைத் தூக்கினான்.

பெரியவரிடம் நான்கு மாடல் 70 இருந்தன. மேலே சொன்ன மூன்றோடு .375 எச் அண்ட் எச் ஒன்று. அவருடைய கொள்கை எளிமையானது. மானைப் பார்த்ததிலிருந்து சுடுவது வரை ஐந்து நொடி கிடைக்கும். அந்த ஐந்து நொடியும் மானுக்காக. அதில் ஒரு நொடிகூடத் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கக் கூடாது. கன்னம் எங்கே படியும், சேஃப்டி எந்தப் பக்கம், விசை எவ்வளவு இழுத்தால் விடும், எல்லாம் கைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். "கத்தி ஒண்ணு, உளி ஒண்ணு, சுத்தி ஒண்ணுன்னா கை ஒவ்வொண்ணா கத்துக்கணும். நாலு உளி, நாலு அகலம்னா கை ஒருதடவ கத்துக்கிட்டா போதும்" என்பார். தச்சர் சொன்னால் மறுக்க முடியுமா?

அவருக்கு இதில் ஒரு ஊர்ப்பெருமையும் உண்டு. .270இன் பெரிய பக்தர் ஜாக் ஓ'கானர் இதே ஐடஹோவில் லூயிஸ்டனில்தான் வாழ்ந்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்தவர். 'அவுட்டோர் லைஃப்' இதழில் பல்லாண்டுகள் எழுதியவர். சரியான இடத்தில் படும் வேகமான சிறிய குண்டு போதும் என்பது அவர் கட்சி. அதே மாநிலத்தில் சாமன் ஊரில் எல்மர் கீத். பெரிய துளை, கனத்த குண்டு என்பது அவர் கட்சி. .270ஐ அவர் மதித்ததே இல்லை. இருவரும் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டார்கள். நம் சிறுபத்திரிகைச் சண்டைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொனி நன்றாகப் புரியும். எண்களைப் பற்றிய சண்டை மாதிரித் தெரிந்தாலும், எனக்கு அது அடிபட்டு ஓடும் விலங்கைப் பற்றிய பயம் என்றே படுகிறது. ஓ'கானர் அந்தப் பயத்தைக் குறிபார்த்துத் தீர்த்தார், கீத் கனத்தால் தீர்த்தார். இதில் இன்னொரு வேடிக்கை: ஓ'கானரிடம் அவர் விரும்பிச் செய்துகொண்ட மாடல் 70 இரண்டு இருந்தன. இரண்டுமே .270. ஓட்டைகூட மாறவில்லை. என் மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை.

என் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஜவளகிரி காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிய கென்னத் ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர் இருந்ததாகப் படித்து வளர்ந்த ஊர். ஆனால் எங்கள் தாத்தாவிடம் இருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. ராகிக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ். தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். இந்தியாவில் இப்போது ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. 2019 திருத்தத்துக்கு முன் மூன்று. ராணுவ அளவுகளான .303, 7.62 சாதாரண ஆளுக்குத் தடை, அதனால் .315 என்றொரு அளவு அங்கே சாமானியரின் ரைஃபிள் ஆயிற்று. தாத்தாவுக்கு ஓட்டையைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலே வந்ததில்லை. அரசாங்கம் தேர்ந்தெடுத்துவிட்டது. எனக்கு அந்தச் சிக்கல் நாற்பது வயதுக்கு மேல், இன்னொருவர் கொடுத்து வந்தது.

அது இப்படி. மூன்றாவது வருட அக்டோபர். பாய்ஸிக்குத் தெற்கே ஒவாய்ஹீ மலைச்சரிவு. சேஜ் புதர்களும் ஜூனிபர் மரங்களும் தவிர வேறொன்றும் இல்லாத பூமி. விடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பெரியவர் வண்டியின் பின்பலகையை மடக்கிப்போட்டு .270ஐ வைத்து, கோட்டுப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார். நான் நெற்றி விளக்கோடு பக்கத்தில் நின்று பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வெளிச்சம் துப்பாக்கியின் திறந்த வயிற்றில் விழுந்தது. மேலே தெரிந்த தோட்டாவின் நுனிக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்குக் காலி இடம். .270 தோட்டா அப்படி உட்காராது. அது நீளம்.

"கொஞ்சம் நில்லுங்க. அது .308."

"இல்ல. .270தான்."

"நீளத்தப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நகத்தால் தடவினார். தோட்டாவின் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று நகம் தேடியது. பிறகு சேஃப்டியை நடுநிலைக்குக் கொண்டுவந்தார். அந்த டிக் எனக்குக் கேட்டது. போல்ட்டை முன்னால் தள்ளாமல், உள்ளே போட்ட ஐந்தையும் விரலால் நெம்பி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். ஐந்தும் .308. போன வாரம் .308ஐ எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனபோது பையில் தங்கியவை.

.277 அங்குலக் குழலுக்குள் .308 அங்குலக் குண்டு. இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அந்த முக்கால் மில்லிமீட்டருக்குப் போக இடம் இல்லை. தோட்டா குட்டையாக இருப்பதால் அது .270இன் அறைக்குள் நுழைந்துவிடும், போல்ட்டும் மூடிவிடக்கூடும். சுட்டால் பின்னால் தேங்கும் அழுத்தத்தில் எஃகு பிளக்கலாம், கண் போகலாம், அதற்கு மேலும் போகலாம். எந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவைப் போடக் கூடாது என்று இங்கே தொழில் அமைப்பு வெளியிடும் பட்டியலில் இந்த ஜோடியும் உண்டு. பெரியவருக்கு அது தெரியாமல் இல்லை. ஐம்பது வருடம் துப்பாக்கி பிடித்தவர். கண்ணின் நடுப்பகுதி மங்கும் நோய் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னார். ஓரத்தில் பார்வை நன்றாக இருக்கும். மலைமேல் அசையும் மானை என்னைவிட முன்னால் பார்ப்பார். குழலில் பொறித்த மூன்று எண்ணைப் படிக்க முடியாது.

துப்பாக்கிகள் வேறு வேறு மாதிரி இருந்திருந்தால் கை சொல்லியிருக்கும். இது கனம், இது வளைந்த கட்டை, இதற்குச் சேஃப்டி மேலே, ஆகவே இது இன்னது என்று. அவர் நாற்பது வருடமாகப் பாடுபட்டுக் கையிடமிருந்து எல்லா வித்தியாசத்தையும் எடுத்துவிட்டார். வித்தியாசம் முழுவதையும் கண்ணிடம் ஒப்படைத்தார். கண் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவர் மலையேறவில்லை. வண்டியில் உட்கார்ந்து பிளாஸ்க் காப்பியைக் குடித்தார். நான் தனியாகப் போய், ஒன்றும் சுடாமல் மதியம் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நான்கும் படுக்கையின் மேல் கம்பளியில் கிடந்தன. மகன் சியாட்டிலில் இருக்கிறார், வேட்டைக்குப் போவதில்லை, விற்றுவிடச் சொல்லிவிட்டார். "இத நீ எடுத்துக்கோ. மூணையும் சேர்த்து எடுத்துக்கோ. பிரிக்காத" என்றார். கொடுத்த விலை, விலை என்றே சொல்ல முடியாத விலை. .375ஐ மட்டும் வைத்துக்கொண்டார். ஆப்பிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போவதற்காக எப்போதோ வாங்கியது. போகவே இல்லை. அதன் தோட்டா சுண்டுவிரலைவிடப் பெரியது, அடியில் தடித்த ஒரு பட்டையும் உண்டு. வேறு எதனோடும் குழம்பாது. "இது எனக்கு இருட்டுலயும் தெரியும்" என்று சொல்லி ஒன்றை என் உள்ளங்கையில் உருட்டிவிட்டார்.

அப்படித்தான் மூன்றும் என் வீட்டுக்கு வந்தன.

அவரைப் போலவே நானும் முதல் வருடம் அந்த ஒற்றுமையை ரசித்தேன். செப்டம்பரில் ப்ராங்ஹார்னுக்கு .243, அக்டோபரில் ம்யூல் மானுக்கு .270, எல்க் குலுக்கலில் பெயர் வந்தால் .308. எதை எடுத்தாலும் நேற்று எடுத்ததையே எடுத்த மாதிரி. சில விதிகள் வைத்துக்கொண்டேன். வீட்டைவிட்டு ஒரு நேரத்தில் ஓர் அளவு மட்டுமே வெளியே போகும். தோட்டாக்கள் துப்பாக்கியோடு இருக்காது. மூன்று பெட்டி, மூன்று நிறம், மூன்று பூட்டு. வேட்டைக் கோட்டின் பைகளைத் துணி துவைக்கப் போடும் முன் மனைவி பார்ப்பது போல, ஒவ்வொரு முறையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பேன்.

பிறகு மகள் வந்தாள். பதின்மூன்று வயது. பாடம் படித்துத் தேறி, என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கி, "அப்பா, எனக்கு எது?" என்றாள். உதை குறைவான .243தான். தோளில் வைத்துப் பார்த்தால் கட்டை நீளம். கன்னத்தை எட்டி வைக்க வேண்டியிருந்தது, ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியவில்லை. நாற்பது வருடம் ஒரே மாதிரி என்று அவர் சேர்த்தது அவருடைய கையின் நீளத்துக்கு ஒரே மாதிரி. தற்செயலாக என் கையும் அதே நீளம். அவளுடையது இல்லை. அசல் கட்டையை அறுத்தால் சேகரிப்பாளர்கள் என்னைச் சபிப்பார்கள். பழைய உதிரிக் கட்டை ஒன்றைத் தேடி வாங்கி, அடியில் ஒன்றரை அங்குலம் அறுத்து, அதில் பொருத்திக் கொடுத்தேன். மூன்று பிள்ளைகளில் ஒன்று இப்போது குட்டை. எடுத்ததும் கைக்குத் தெரியும்.

அவள் சுடுதளத்தில் வரிசையாக வைத்திருந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, "இது எல்லாத்துக்கும் அடிப்பக்கம் ஒரே சைஸா இருக்கே" என்றாள். ஆமாம். .243 என்பது .308 கூட்டின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது. .270 வந்தது .30-06 கூட்டிலிருந்து. எல்லாவற்றுக்கும் அடி ஒரே அகலம்தான், 0.473 அங்குலம். "அப்ப மாத்திப் போட்டா எப்படித் தெரியும்?" அவள் கேட்டது பாடத்தில் வந்த கேள்வியாகத்தான். எனக்கு அந்த அக்டோபர் காலையும் பலகையில் வரிசையாக நின்ற ஐந்து தோட்டாக்களும் கண்முன் வந்தன. என் பூட்டும் நிறமும் விதியும் என் கண் நன்றாக இருக்கும்வரை, நான் களைக்காத நாள்வரை. அவளுக்கு அவை பழக, அவள் கவனத்தை நான் நம்ப, எத்தனை வருடம்?

.308ஐ விற்க முடிவு செய்தேன். .270ஐ ஏன் விற்கவில்லை என்று கேட்டால், எல்க் குலுக்கலில் என் பெயர் ஒருமுறைதான் வந்தது. ஓ'கானர் .270ஆலேயே எல்க் வேட்டையும் ஆடியவர் என்ற துணிவும் இருந்தது. எப்படியும் அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

கஷ்டம் விற்பதில் இல்லை. 64க்கு முந்தைய .308க்கு ஆள் கிடைப்பது சுலபம். பிரிக்காதே என்று சொன்னவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இப்போது பெரும்பாலும் வானொலி கேட்பார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மனைவி செய்த அதிரசத்தோடு போய் உட்கார்ந்தேன். நேரடியாகச் சொன்னேன். மகள் கேட்டதையும் சொன்னேன்.

வெகுநேரம் பேசவில்லை. முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி, பார்வை மிச்சமிருக்கும் ஓரத்தால் என்னைப் பார்த்தார்.

"யார் வாங்கறது?"

நாம்பாவிலிருந்து ஓர் இளைஞன், முதல் ரைஃபிள், பிறந்து நாலு மாதக் குழந்தை இருக்கிறது என்றேன்.

"அவன் வீட்ல .270 இருக்கா?"

"கேட்டேன். இல்லை."

"அவன் அப்பாகிட்ட?"

அதையும் கேட்டிருந்தேன். இல்லை என்றேன். அவர் அதிரசத்தை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எதில் செய்தது என்று கேட்டார்.